907ஆம் இலக்கத்துத் தேவதைகள்

1998ஆம் ஆண்டு ஹலோவீன் சனிக்கிழமையில் வந்தது. அன்று பின்னேரம், மோர்னிங்சைட்டில் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் 907ஆம் இலக்க வீட்டில், கமலாம்பிகை முதுகில் இரண்டு இறக்கைகளோடு நின்று மரக்கறி ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். பழைய யன்னல் சீலையையும் ஹாங்கர் கம்பியையும் வைத்து அவளே செய்த இறக்கைகள். அடுப்படியோ சின்னது. அவள் திரும்பும்போதெல்லாம் இடது இறக்கை தூள் போத்தல்களைத் தட்டி விழுத்தியது. கூறைச் சேலையும் இறக்கையுமாக எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் நிற்க அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அது மகள் லக்சிகாவின் கட்டளை. எட்டு வயதுக்காரியின் கட்டளைக்கு அந்த வீட்டில் மறுபேச்சுக் கிடையாது.

விருந்துக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் குட்டித் தேவதைகள், அம்மா பெரிய தேவதை என்று லக்சிகா ஒரு மாதத்துக்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அப்பா மகேஸ்வரனுக்குப் பூதம் வேஷம். தனக்கு வேஷமே தேவைப்படாது என்று சொல்லிக்கொண்டு மனிசன் காலையிலிருந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தார்.

எதற்காக இந்தத் தேவதைக் கூத்து என்று மகள் சொல்லவில்லை. ஆனால் கமலாம்பிகைக்குத் தெரியும்.

போன வருடம்தான் அவர்கள் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தார்கள். ஹலோவீன் அன்று வேஷம் போட்ட பிள்ளைகள் இனிப்புக் கேட்டுக் கதவைத் தட்டினார்கள். கமலாம்பிகை ஆசையாசையாகப் பெரிய பெட்டி சொக்கலேற் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் வாசற்படிக்கு ஒரு பக்கம் ஒருவரும் மறுபக்கம் ஒருவருமாக நின்று எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று வளர்ந்தவள் அவள். அப்படிக் கொடுத்தால் உறவு ஒட்டாது. ஆகவே, "கம், கம்" என்று எல்லாரையும் உள்ளே கூப்பிட்டாள். பிள்ளைகள் அசையவில்லை. முன்னால் நின்ற ஒருத்தியின் கையைப் பிடித்து மெல்ல உள்ளே இழுத்தாள். அந்தச் சின்னது போட்ட கத்தலில் எலிவேற்றருக்குப் பக்கத்தில் நின்ற தாய் பாய்ந்து வந்தாள். முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக்குள் காலே வைக்கக்கூடாது என்று இந்த ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பது கமலாம்பிகைக்கு அப்போது எப்படித் தெரியும்? பாவம், கையைப் பிடித்து இழுத்தவளும் பயந்துவிட்டாள்.

அந்தச் சின்னது மூன்றாம் மாடியில் இருக்கும் கேட்லின். லக்சிகாவின் வகுப்புத்தான். தாயின் பெயர் டெப்ரா.

அதற்குப் பிறகு ஒருநாள் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் இரண்டு பிள்ளைகள் லக்சிகாவை "சூனியக்காரியின்ர மகள்" என்று இங்கிலீசில் கூப்பிட்டதைக் கமலாம்பிகை தன் காதாலேயே கேட்டாள். டோனட் கடையில் மூன்று வருடம் வேலை செய்தவளுக்கு இங்கிலீசு விளங்காமல் இல்லை. பேசப் போனால்தான் நாக்கு மடங்கிவிடும். என்ன சொல்கிறார்கள் என்று மகளைக் கேட்டபோது, அது ஒரு விளையாட்டு என்று லக்சிகா சாதாரணமாகச் சொன்னாள். கமலாம்பிகை தலையை ஆட்டிவிட்டு உடுப்பு மடித்தாள். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் வரவேண்டும். இந்த வீட்டுக்குள் வந்து, இருந்து, சாப்பிட்டுச் சிரித்துவிட்டுப் போகவேண்டும். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அழைப்பில் ஐந்து மணி என்று எழுதியிருந்தது. ஐந்தேகாலாகியும் யாரையும் காணோம். லக்சிகா தன் இறக்கையைத் தடவிக்கொண்டு கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"ட்ரஃபிக் போல," என்றார் மகேஸ்வரன்.

"எலிவேற்றரிலயா?" என்று கமலாம்பிகை முறைத்தாள்.

ஐந்து இருபதுக்கு எலிவேற்றர் மணி அடித்தது. இறக்கை கட்டிய ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் டெப்ரா வந்தாள். கதவுக்கு இரண்டு எட்டுத் தள்ளியே நின்றாள். மரியாதையாகத்தான் பேசினாள். பிள்ளைகளுக்கு இன்னும் பல வீடுகளுக்குப் போகவேண்டி இருக்கிறதாம், உள்ளே வந்து மினக்கெட நேரமில்லையாம், இனிப்புப் பைகளை இங்கேயே தந்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

லக்சிகா அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கமலாம்பிகையின் கையில் பைகள் இருந்தன. கையை நீட்டிக் கொடுத்தால் ஐந்து நொடியில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்தப் படிக்கு மேலால் கை நீள மறுத்தது. கொடுக்காமல் நின்றவளைப் பார்த்து டெப்ராவின் முகம் இறுகியது. கேட்லின் தாயின் ஜக்கெற்றைப் பிடித்துக்கொண்டாள். போன வருடக் கதை திரும்ப நடக்கப்போகிறது என்று கமலாம்பிகைக்குத் தெரிந்தது.

அவர்கள் உள்ளே வரமாட்டார்கள் என்றால் நான் வெளியே போனால் என்ன? அந்த யோசனை ஒரு வருடமாக அவளுக்கு வரவேயில்லை. இப்போது வந்ததும் அவள் வெறுங்காலோடு படியைத் தாண்டிக் கொரிடோரில் போய் நின்றாள். இறக்கை கதவு நிலையில் சிக்கி ஒருபக்கம் வளைந்துபோனது.

"பார்ட்டி ஹியர்," என்றாள். பிறகு உள்ளே பார்த்து, "இஞ்சாருங்கோ, பாயைக் கொண்டு வாங்கோ. பலூனையும் கேக்கையும் இஞ்ச கொண்டு வாங்கோ," என்றாள்.

பூதம் ஓடியோடி எல்லாவற்றையும் சுமந்து வந்தது. மண்ணிறக் கம்பளத்தின் மேல் பாய்கள் விரிந்தன. எதிர்வீட்டுக் கதவுப் பிடியில் பலூன்கள் ஆடின. கமலாம்பிகை அகப்பைக் காம்பில் செய்த மந்திரக்கோலால் ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு, மினுக்கத் தூள் தூவினாள். வளைந்த இறக்கையைப் பார்த்து முதலில் சிரித்தவள் கேட்லின்தான். பிறகு கொரிடோர் முழுக்க ஓட்டமும் கூச்சலும்தான். வேறு வீடுகளுக்குப் போகவேண்டும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. டெப்ரா சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

மூன்று கிளாஸ் சர்பத்துக்குப் பிறகு கேட்லின் காலை மாற்றி மாற்றி வைத்து நெளிந்தாள். மூன்றாம் மாடிக்குப் போய்வர ஹலோவீன் அன்று எலிவேற்றர் எங்கே கிடைக்கப்போகிறது? தாய் யோசித்து முடிப்பதற்குள் அவள் லக்சிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு 907க்குள் ஓடிவிட்டாள். டெப்ரா பின்னால் ஓடினாள். அம்மாவும் பிள்ளையும் போனால் மற்றத் தேவதைகள் வெளியே நிற்பார்களா? அவர்களும் பாய்ந்து போனார்கள். கமலாம்பிகைக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரோல்ஸ் தட்டோடு உள்ளே போனாள்.

கேட்லின் குளியலறைக்குள் இருந்தாள். டெப்ரா ஒரு ரோல்ஸைத் தட்டில் வைத்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் நின்று மெதுவாகப் பேசத் தொடங்கினாள். வீட்டில் எல்லாருக்கும் மொழிபெயர்க்கிறவள் லக்சிகாதான். அவள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

போன வருடம் தான் மிகவும் பயந்துபோனதாக டெப்ரா சொன்னாள். அந்தப் பயத்தில், கோபத்தில், எலிவேற்றருக்குள் வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் "அந்தச் சூனியக்காரி" என்று முதலில் சொன்னது தான்தான் என்றாள். அது பள்ளிக்கூடம் வரை போனது தனக்குத் தெரியும் என்றாள். சொல்லும்போது அவளுடைய கழுத்தெல்லாம் சிவந்துபோனது. மன்னிப்புக் கேட்டாள்.

ஒவ்வொரு சொல்லும் கமலாம்பிகைக்கு விளங்கியது. இருந்தாலும் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னவாம் பிள்ளை?"

லக்சிகா டெப்ராவின் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"உங்கட ரோல்ஸ் நல்ல டேஸ்டாம், அம்மா."

இந்தச் சின்ன உடம்புக்குள் ஒரு வருடமாக என்னத்தையெல்லாம் அடக்கி வைத்திருந்தாய் என்று கமலாம்பிகை மனதுக்குள் கேட்டாள். கட்டிப்பிடித்துக் கதறவேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. செய்தால் தனக்கு இங்கிலீசு விளங்கும் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

"அப்பிடியெண்டா இன்னும் ரெண்டு எடுக்கச் சொல்லு," என்றாள்.

லக்சிகா டெப்ராவின் பக்கம் திரும்பி, தன்னுடைய நல்ல இங்கிலீசில், "பரவாயில்லையாம். அம்மாவுக்கு உங்களில் கோபமே இல்லையாம்," என்றாள்.

அதுவும் கமலாம்பிகைக்கு விளங்கியது. அவள் ஓம் என்று தலையை ஆட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு ரோல்ஸை எடுத்து டெப்ராவின் தட்டில் வைத்தாள்.