மூன்று கிலோ வாள்

"பாதி உலகத்தை ஜெயிச்சவனை, கையில ஒரு பிரம்போட, பத்தே நிமிஷத்துல மண்ணைக் கவ்வ வெச்சேன்!" என்றார் பீரங்கி. அருங்காட்சியக வழிகாட்டி வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்ற மறுநாள் காலை அது.

சிரித்த சிரிப்பில் மைத்துனருக்குக் காபி மூக்கில் ஏறியது. "மாமா, அந்தச் சக்கரவர்த்தி செத்து அறுநூறு வருஷம் ஆச்சு!"

"அந்தத் தைரியத்துலதான் மோதினேன், மாப்ளே."

"புளுகுக்கு மட்டும் ஓய்வு கிடையாதான்னு கேளு," என்றாள் மனைவி, தம்பியிடம், பாத்திரம் துலக்கியபடி.

முப்பத்தொரு வருடம் அந்தச் சக்கரவர்த்தியின் மண்டபத்தில் கதை அளந்தே 'பீரங்கி' என்று பட்டப்பெயர் வாங்கியவர் அவர். அவனுடைய வாளின் எடை மூன்று கிலோ. அவர் வாயில் அது வருடா வருடம் சதை போட்டது. குதிரை முதலில் ஓர் ஆற்றைத் தாண்டியது, அப்புறம் ஏழு. கூட்டம் வாயைப் பிளக்கும். மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அவன் எரித்த ஊரில் தோண்டியெடுத்த, கருகிய குழந்தைச் செருப்புகள். அதை மறைத்து நின்றுதான் பேசுவார். நல்ல அகலமான முதுகு. ஊர் அந்தப் பாவியைக் கொண்டாடியதில் அந்த முதுகுக்கும் பங்குண்டு.

முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த மகன், பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். அடுத்தவன் நாட்டைப் பிடிக்கப் போன பட்டாளம். பெட்டியில் வந்தான்.

"என் பிள்ளையைக் கொன்னது குண்டு இல்ல, உங்க முப்பது கிலோ வாள்," என்றாள் மனைவி. அவரிடம் அவள் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு அது. ஐந்து வருடமாகிறது. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. வேறு கதை அவருக்குத் தெரியாது. வாள் இன்னும் பத்துக் கிலோ ஏறியது.

"அப்படி என்னதான் பண்ணீங்க?" என்றார் மைத்துனர்.

பீரங்கியின் குரல் இறங்கியது. "நேத்து கடைசிக் கூட்டத்துக்கு, அந்தக் கண்ணாடிப் பெட்டியை மறைக்காம நகர்ந்து நின்னேன்டா. வாள் மூணு கிலோதான்னு சொன்னேன். ஒவ்வொரு செருப்பா பிரம்பால காட்டி எண்ணினேன். ஜோடி சேராத பதினேழு. பதினெட்டாவதா நம்ம பையன் பேரைச் சொன்னேன். யாரும் கைதட்டல. டிக்கெட் எடுத்து இதைக் கேக்கவா வந்தோம்னு ஒருத்தர் திட்டிட்டுப் போனார்."

"சத்தியமா நம்ப முடியல, மாமா. நீங்களா?"

மனைவி குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"நடந்துதுடா. தூணுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். பதினெட்டுன்னதும் அவருக்குக் குரல் வரல. ரெண்டு தடவை சொன்னார்."