பெட்டி ஆந்தையின் விலாசம்

புவனேஸ்வரன் சார் மலாக்கா டவுனில் நடந்த ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார். மாணவர்கள் வலைப்பூவில் பாதுகாப்பாகவும் பொறுப்பாகவும் எழுதுவது எப்படி என்பதுதான் பயிற்சி. காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை நான்குக்கு முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே, இந்த விஷயத்தில் மாநிலத்தில் தன்னைவிடத் தெரிந்தவர் யாருமில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அவருக்கு எதையும் கரைத்துக் குடிக்க அரை நாள் போதும்.

மறுநாளே ஐந்தாம் ஆண்டு வகுப்புச் சுவரில் பத்து விதிகள் ஏறின. சொந்தப் பெயர் கூடாது. விலாசம் கூடாது. கைப்பேசி எண் கூடாது. முகம் தெரிகிற படம் கூடாது. சார் பார்க்காமல் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. இப்படிப் பத்தையும் எழுதி பிளாஸ்டிக் உறை போட்டு, அடியில் தன் முழுப் பெயரையும் பதவியையும் கைப்பேசி எண்ணையும் மறக்காமல் போட்டுக்கொண்டார். அதில் ஏதும் இடிப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகள் ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். யுகேந்திரன் 'மின்னல் டைகர்' ஆனான். ஆண்டுத் தொடக்கத்தில் புதிதாகச் சேர்ந்த அகல்யா 'பெட்டி ஆந்தை' ஆனாள். செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தை வளர்ப்பார்கள், கம்பத்தின் உச்சியில் அதற்கு ஒரு மரப்பெட்டி கட்டியிருக்கும், அதுதான் பெயருக்குக் காரணம். வகுப்பில் வாயே திறக்காத பெண் அவள். எழுத உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆள்.

'ஆந்தை பகல் முழுக்கத் தூங்குகிறது. யாரும் திட்டுவதில்லை. வீட்டுப்பாடமும் இல்லை. அடுத்த பிறவியைப் பற்றி அம்மாவிடம் இப்போதே பேசிவைக்க வேண்டும்' என்று ஒரு பதிவில் எழுதியிருந்தாள். புவனேஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தார். இருபது வருடமாகக் கவிதை எழுதி வரும் தனக்கு இப்படி ஒரு வரி வரவில்லையே என்று கொஞ்சம் வயிறும் எரிந்தது.

ஒரே ஒரு குறை, யாரும் படிக்கவில்லை. ஒரு மாதத்தில் பதினாறு பார்வைகள், அதில் பதின்மூன்று அவருடையவை. போதாததற்கு யுகேந்திரனின் அப்பா வீராசாமி பள்ளி வாசலில் பிடித்துக்கொண்டார். மின்னல் டைகர் தன் மகன் என்று ஊருக்கு எப்படித் தெரியும், பெற்றவன் பெயர் போடாமல் அதென்ன எழுத்து என்று கேட்டார். சாருக்கு அது நியாயமாகவே பட்டது.

அதற்குக் காரணம் உண்டு. மாரியம்மன் கோவில் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர். பத்து வருடமாகத் திருவிழா நோட்டீஸ் எழுதுவது அவர் கை. நோட்டீஸ் என்றால் உபயக்காரர் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண், தாமான் என்கிற குடியிருப்பின் பெயர், கைப்பேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். ஒருமுறை ஒருவர் பெயரை விட்டுவிட்டதில், அடுத்த திருவிழா வரை அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை அறுந்துபோனது. அதிலிருந்து பெயர்ப் பட்டியல் என்று உட்கார்ந்தால் மூளையைக் கேட்காமல் கை தானாக எழுதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கை எழுதியது. வகுப்புப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, வலைப்பூவில் 'எங்கள் எழுத்தாளர்கள்' என்று ஒரு பக்கம் போட்டார். பெட்டி ஆந்தை என்கிற அகல்யா, தாயார் திலகவதி, வீட்டு எண், தாமான், கைப்பேசி எண், விளையாட்டுப் போட்டியில் எடுத்த சிரித்த முகம். பத்தொன்பது பிள்ளைகளில் ஒருவர் விடுபடவில்லை. யாரும் கோபித்துக்கொள்ள முடியாது என்று திருப்தியோடு கோவில் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, வழக்கம்போல் 'அனைவருக்கும் பகிரவும்' என்று முடித்தார். பகிர்ந்தார்கள். மதியத்துக்குள் நானூறு பார்வை. அன்று அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை அகல்யா வகுப்புக்கு வரவில்லை. ஓய்வு நேரத்தில் தலைமையாசிரியை பாக்கியலட்சுமி கூப்பிட்டனுப்பினார். அறையில் திலகவதி உட்கார்ந்திருந்தார். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

"இந்த நம்பரு என் வீட்டுக்காரருக்குத் தெரியாது சார். ரெண்டு வருசமா தெரியாது," என்றார். "இன்னிக்கு காலையில போன் பண்ணாரு. வீட்டு நம்பர கரெக்டா சொன்னாரு. பிள்ள முடி வெட்டியிருக்கா, நல்லாருக்குன்னு சொன்னாரு."

திலகவதி கத்தியிருந்தால் தேவலை. கணவரின் அடிக்குப் பயந்து சுங்கை ரம்பாயிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு ஓடி, ஊர் மாறி ஊர் மாறி இங்கே வந்தவர் அவர். விலாசம் வெளியே போகக் கூடாது என்று மகளைப் பள்ளியில் சேர்க்கும்போதே கடிதம் கொடுத்திருந்தார். தலைமையாசிரியை அந்தக் கடிதத்தை எடுத்து வைத்தார். கீழே வகுப்பாசிரியர் படித்ததற்கு அடையாளமாகப் புவனேஸ்வரனின் கையெழுத்து, இரண்டு கோடு அடித்து, புள்ளி வைத்து, அழகாக இருந்தது.

சார் அங்கேயே நின்று பக்கத்தை அழித்தார். ஆனால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பல குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்களே, அதை எந்த விரலால் அழிப்பது? மூவரும் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். விலாசத்தை யார் வெளியிட்டது என்று அதிகாரி மலாயில் கேட்டார். நான்தான் என்றார் சார். பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியில் யாரும் இல்லையா என்று அடுத்த கேள்வி. பாக்கியலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவும் நான்தான் என்றார் சார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். வாழ்க்கையில் சார் பலமுறை அசடு வழிந்திருக்கிறார், ஆனால் போலீஸ் புகாரின் மூன்று பிரதிகளில் வழிந்தது அன்றுதான்.

அன்றே தாயும் மகளும் வீட்டைக் காலி செய்தார்கள். மறுநாள் அந்த ஆள் வந்து பூட்டிய கேட்டை உதைத்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு புவனேஸ்வரனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. திலகவதி எந்த ஊருக்குப் போனார் என்பதை இங்கேயும் எழுதுவதாக இல்லை.

பள்ளி மாற்றுக் கடிதம் வாங்க இருவரும் ஒருநாள் வந்தார்கள். சார் நீளமான மன்னிப்பு ஒன்றை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நேரில் பார்த்ததும் 'மன்னிச்சிருங்கம்மா' என்ற ஒன்றுதான் மிஞ்சியது.  திலகவதி மாற்றுக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அகல்யாதான் பேசினாள். பெட்டி ஆந்தை எழுதியதையெல்லாம் அழித்தாயிற்றா என்று கேட்டாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொன்னார். 

"பரவால சார். நான் எழுதறத விடல. வேற பேரு வச்சிட்டேன்."

சாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நொடியில் மறந்துபோயிற்று.

"அப்படியா, என்ன பேரு?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பாடத்தில் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்கிற முகம்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாது சார்."

 சரியான பதில் என்றார் புவனேஸ்வரன்.