ஊடுகாற்று

பேருந்து நீஷ் நகரத்தைத் தாண்டுவதற்குள் தெசாங்காவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆகஸ்ட் வெயில். ஒரு சன்னல்கூடத் திறக்கவில்லை, திறக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. எதிரெதிர் சன்னல்கள் வழியாகப் பாயும் ஊடுகாற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், வாய் கோணும், சிறுநீரகம் கெடும். வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெசாங்காவுக்கும் அதில் சந்தேகமே கிடையாது. போன வருடம் கணவனுக்கு ஈறு வீங்கியபோது, சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்ததால்தான் என்று அவனோடு சண்டையே போட்டிருக்கிறாள்.

"அம்மா, மூச்சு முட்டுது," என்றாள் பக்கத்தில் இருந்த ஒன்பது வயது நேதா. "நீ சொல்லேன்."

"நீயே கேளேன்டி. வாய் இல்ல உனக்கு?"

நேதா தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் குனிவுதான் தெசாங்காவைக் கோடை முழுவதும் அலைக்கழித்தது. ஜூனில் ஒருநாள், கழிப்பறைக்குப் போகக் கேட்கத் தயங்கி, பிள்ளை வகுப்பிலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் அதே பாட்டுதான்: வேணும்னா கேக்கணும், சத்தமா கேக்கணும்.

யார் கேட்டு இவள் பார்த்திருக்கிறாள்? மாமியார் வந்து சமையலறை அலமாரியையே மாற்றி அடுக்கிவிட்டுப் போனபோது தெசாங்கா சிரித்தாள். தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருத்திக்குப் போன அன்று, அலுவலகத்தில் எல்லோருக்கும் காபி போட்டதும் தெசாங்காதான். அவை எல்லாவற்றையும் வீட்டில் சொல்லிச் சொல்லிப் புலம்பியதை நேதா கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்? ஒரு பிள்ளையின் கண்ணெதிரே கடவுள் என்னைத் தாயாகக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பது எதற்காக? இதைக் காட்டவா?

எழுந்தாள். உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து மூடினாள். நேதாவின் உதடு வெளுத்திருந்தது. மறுபடி எழுந்து சன்னலை ஒரே இழுப்பில் திறந்தாள்.

"யாரும்மா அது! சாத்து!" பின்னாலிருந்து ஒரு கறுப்பு முக்காட்டுக் கிழவி கத்தினாள். "எங்களைக் கொல்லப் பாக்கிறியா?"

"நாளைக்கு எனக்கு வாய் கோணினா நீயா வைத்தியம் பாப்ப?" என்றாள் இன்னொருத்தி.

"சவ ஊர்வலத்துக்கு டிக்கெட் தனி, சொல்லிட்டேன்!" என்றான் ஓட்டுநர். வண்டியே சிரித்தது.

தெசாங்காவுக்குக் காது சுட்டது. "பிள்ளைக்கு மூச்சு முட்டுது. இது திறந்துதான் இருக்கும்." இன்னொரு முறை சொன்னாள். "திறந்துதான் இருக்கும், பெரியம்மா."

கழுத்தின் பின்புறம் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். ஆனாலும் சன்னலை விடவில்லை. மகள் பார்க்கிறாளா என்று திரும்பினாள்.

இருக்கை காலி. நேதா எதிர்ப்பக்கம், மடியில் தர்பூசணியோடு உட்கார்ந்திருந்த ஒரு பருத்த மனிதர் முன்னால் நின்றிருந்தாள்.

"மாமா, கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்றாள். கடைசி வரிசைவரை கேட்டது. "இதையும் திறக்கணும்."

ஐயோ, அது மட்டும் வேண்டாம். தெசாங்காவின் தொண்டைவரை வந்தது வார்த்தை. எதிரெதிரே இரண்டு சன்னல்! உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த மனிதர் பிள்ளையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், பழத்தைத் தூக்கி மறு தொடையில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார்.

நேதா நுனிக்காலில் எம்பி இழுத்தாள். திரைச்சீலைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படபடத்தன. கூச்சலுக்கு நடுவே தெசாங்கா ஒரு கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு, மறு கையால் தன் சன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.