ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர்

தெருமுனையில் கப்பல் கம்பெனி லாரி நின்று, அதிலிருந்து பெரியவன் இறங்கினான். சாக்கு தைக்கும் கொட்டகையிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த மூத்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கப்பலை எதிரி நாட்டு நீர்மூழ்கி அடித்துவிட்டது, யாரைப் பற்றியும் தகவல் இல்லை என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவள் அவள். புருஷன் உயிரோடு நடந்து வருவதைப் பார்த்ததும் வாய்விட்டுக் கத்திக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் என்னவோ உறுத்தத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஓரகத்தி இளையவள் நின்றிருந்தாள். அவள் பெரியவனைப் பார்க்கவில்லை. அடுத்து யார் இறங்குகிறார்கள் என்று லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் இறங்கவில்லை. லாரி புகையைக் கக்கிவிட்டுப் போய்விட்டது.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே சரக்குக் கப்பல். அண்ணனுக்கு இயந்திர அறை, தம்பிக்குச் சமையற்கட்டு. "இவன் சமையலத் தின்னுட்டுப் பொழச்சவனை எந்த வெடியும் ஒண்ணும் பண்ணாது" என்று பெரியவன் கேலி செய்வான். சின்னவன்தான் முதலில் சிரிப்பான்.

"வேற படகுல ஏறியிருப்பான்மா," என்றான் பெரியவன், தரையைப் பார்த்தபடி. "வழியில போற ஏதாச்சும் ஒரு கப்பல் ஏத்திக்கிட்டிருக்கும்."

இளையவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் துறைமுக வாசல்வரை போய் நின்றுவிட்டு வந்தாள்.

மூத்தவள் தன் சந்தோஷத்தைத் திருட்டுச் சாமான்போல ஒளித்து வைத்தாள். புருஷனுக்குச் சோறு போடும்போதுகூட முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். பாயை ஓரகத்தியின் பக்கத்திலேயே விரித்தாள். போய்ச் சேர்ந்தவர்களுக்கு அழுவதைவிட, வந்து சேர்ந்தவனைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒருநாள் பெரியவன் குழாயடியில் சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். முழங்கை வரைக்கும் தோல் சிவந்துவிட்டது.

"எவ்வளவு நேரம்தான் கழுவுவீங்க? தோலே உரிஞ்சிரும் போலிருக்கு."

"போக மாட்டேங்குது."

"எது?"

அவன் குழாயைப் பார்த்தே பேசினான். "கப்பல் ஒடஞ்சதும் எண்ணெய்த் தொட்டி பிளந்துக்கிச்சு. கடலே கறுப்பா கெடந்துச்சு. நான் படகுல இருந்தேன், அவன் தண்ணியில. கையைப் பிடிச்சிட்டேன். வழுக்கிருச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சேன். அப்பவும் வழுக்கிருச்சு…"

மூத்தவள் குழாயை மூடினாள். "அவகிட்ட சொல்லியாகணும்."

"பொய் சொன்ன வாயால எப்படிச் சொல்றது?"

மறுநாள் கொட்டகையில் மூத்தவளே ஆரம்பித்தாள். அடுத்த கப்பலில் ஏறப்போகும் தானியத்துக்கான சாக்குகள் மடியில் கிடந்தன. "உன் மாமா அன்னிக்குச் சொன்னது வந்து…" என்று சாக்கின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள்.

இளையவள் ஊசியை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா. வந்ததுலேருந்து மாமா என் முகத்தப் பாத்து ஒரு வாய்த் தண்ணிகூடக் கேக்கறதில்லையே."

"தெரிஞ்சுமா தெனம் அங்க போய் நிக்கிற?"

"நான் வீட்டுல இருந்தா நீங்க அவர்கூடப் பேசவே மாட்டேங்கிறீங்க. அந்தக் கொஞ்ச நேரமாச்சும் பேசிக்கிட்டிருப்பீங்கன்னுதான்."

மூத்தவள் சாக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுத அழுகையில் மூக்கெல்லாம் சணல்தூசு ஏறியது.

அன்று சாயங்காலம் இளையவள் துறைமுகத்துக்குப் போகவில்லை. நேராக வந்து பெரியவன் எதிரில் நின்றாள்.

"மாமா, கடைசியா அவரு என்ன சொன்னாரு?"

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "வேற ஒண்ணும் சொல்லலம்மா. 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்பிட்டான். அவ்வளவுதான்."

"கூப்பிட ஒரு ஆளாச்சும் இருந்துச்சே," என்றாள் அவள்.

அதற்குப் பிறகுதான் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது ஒரு சத்தமாக வெளியே வந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மூத்தவள் அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். பெரியவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு குழந்தைபோல விசும்பினான்.

வெளியே புதுக் கப்பலுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தோளில் மூட்டையும் வாயில் சிரிப்புமாக, ஒருவனை ஒருவன் இடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அவர்களில் ஒருவன் மட்டும், மாடியில் நின்ற யாருக்கோ கையசைத்துக்கொண்டே, துறைமுகம் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே நடந்து போனான்.