ஞாயிற்றுக்கிழமை காணாத மீன்

ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடையில் நான் ஒன்பது வருஷம் வாச்சர். எனக்குத் தெரியாமல் அதில் ஒரு தவளை கத்தியிருக்காது. ஓடை பெரிதாக ஒன்றுமில்லை. பல இடத்தில் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். ஆனால் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும் குளிர். அந்தக் குளிரைப் பார்த்துத்தான் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் தொரை ட்ரவுட் மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டாராம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மீன் பெருகிவிட்டது. மேலெல்லாம் கறுப்புப் புள்ளி இருப்பதால், நாங்கள் குடியிருக்கும் லயத்தில் அதைப் புள்ளிமீன் என்போம். பேர்தான் எங்களுடையது. பிடிப்பதும் தின்பதும் தொரைமாருக்கு மட்டும். களவாக யாரும் பிடிக்காமல் காவல் காப்பது என் வேலை. தொரை தூண்டில் போட வரும்போது மீன் நிற்கிற இடத்தைக் காட்டுவதும் என் வேலை.

ஐம்பத்துநாலில் புதுத் தொரை வந்தார். பழையவர் சனிக்கிழமை சாயங்காலம் தூண்டில் போடுவார். இவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலைதான் தோது. மனுஷன் கெட்டிக்காரர். ஈயைப் போல இறகு கட்டிய தூண்டில் முள்ளை அவர் வீசினால் தண்ணீரில் விழுந்த சத்தமே கேட்காது. முதல் ஞாயிறே அந்தக் கை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மீன் மாட்டவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. இப்படியே ஆறு ஞாயிறு போனது.

ஆறாவது தரம் வெறுங்கையோடு நூலைச் சுற்றும்போது தொரை கேட்டார்.

"ரபாயேல், புதன்கிழமை பாத்தேன், வியாழக்கிழமை பாத்தேன்னு நீ சொல்ற. நான் வந்தா ஒண்ணுமே இல்ல. மீன் எங்க போச்சு? ஒன் வீட்டுச் சட்டிக்கா?"

எனக்குக் காது சூடேறிவிட்டது. ஒன்பது வருஷத்தில் அந்த மீனின் ஒரு முள்ளைக்கூட நான் வாயில் வைத்ததில்லை.

"மாதா மேல சத்தியமா இல்லீங்க தொரை. மீன் இருக்கு."

"அப்ப அடுத்த ஞாயிறு காட்டு. இல்லாட்டி வாச்சர் வேலை கெடையாது. மறுநாள் காலைல மத்த ஆளுங்களோட பெரட்டுக்கு வந்து, பேர் குடுத்துட்டு, புல்லு வெட்டப் போ."

புல்லு வெட்ட நான் பயப்படவில்லை. வெட்டிப் பிழைத்தவன்தான். ஆனால் லயம் முழுக்க என்ன பேசும்? மீனைத் தின்று மாட்டிக்கொண்டான் ரபாயேல் என்றுதானே?

அந்த வாரம் ஓடையே கதியென்று கிடந்தேன். திங்கட்கிழமை ஏழு மீன் பார்த்தேன், செவ்வாய்க்கிழமை ஒன்பது. வெள்ளிக்கிழமை பெரிய குழியில் மட்டும் நாலு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. தொரைக்கு அதிர்ஷ்டமில்லை, அவ்வளவுதான் என்று வீட்டுக்கு வந்து அடித்துச் சொன்னேன்.

என் பெண்சாதி சவரியம்மா அப்போது என் வெள்ளைச் சட்டையைக் கஞ்சியில் முக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை லயத்துக் கோயிலில் ஜெபத்துக்கு அதைத்தான் போடுவேன். ஜெபம் முடிந்ததும் அதோடேயே ஓடைக்குப் போவேன். நல்ல நாளில் தொரை முன்னால் அழுக்குக் காக்கியில் போய் நிற்கலாமா? அவள் நீலம் போட்டு வெளுத்தால் அந்த மலையிலேயே அப்படியொரு வெள்ளை கிடையாது.

"வாரம் பூரா நிக்கிற மீனு ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லேன்னா, அதுவும் நம்மளாட்டம் ஜெபத்துக்கா போவுது?" என்றாள்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்த சட்டையைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காய்ந்த சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரிய குழிக்குப் போனேன். வழக்கமாகத் தொரைக்கு இடம் காட்டுகிற பாறைமேல் காக்கியோடு ஏறினேன். நாலு மீனும் அசையவில்லை. இறங்கி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன். கண் மூடித் திறப்பதற்குள் குழி காலி. கழற்றிவிட்டு ஒரு பீடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்; ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. போட்டேன், ஓடின. மூன்று தரம் போட்டுக் கழற்றினேன். யாராவது பார்த்திருந்தால் ரபாயேலுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள்.

ஆறு ஞாயிறும் மீனை விரட்டியது நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது: மீன் இருக்கிறது, நான் சொன்னது பொய்யில்லை.

ஞாயிறு ஜெபம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடிக் காக்கிக்கு மாறி, மேலே கறுப்புக் கம்பளியையும் போர்த்திக்கொண்டேன். தொரை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன இது? இன்னைக்கே புல்லு வெட்ட ரெடியா?"

"மீன் காட்ட ரெடிங்க தொரை."

பாறைப் பக்கமே நான் போகவில்லை. தொரைக்குப் பின்னால் புதருக்குள் குந்திக்கொண்டு விரலை மட்டும் நீட்டினேன். முதல் வீச்சு கொஞ்சம் தள்ளி விழுந்தது. இரண்டாவது வீச்சில் தண்ணீர் சிதறியது, கம்பு வளைந்தது. ஒரு றாத்தலுக்குக் குறையாத புள்ளிமீன் கரையில் கிடந்து துள்ளியது.

தொரை தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "பிழை என்னோடதுதான் ரபாயேல். ஆறு வாரமா என் கைதான் சரியில்ல. ஒன்னையப் போய்க் களவாணின்னு நெனச்சிட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையும் மிஞ்சும், மானமும் மிஞ்சும். மீன் எதற்குப் பயப்படும் என்று தெரியாதவன் என்ன வாச்சர் என்று அவர் கேட்டாலும் கேட்பார். ஆனால் அப்பேர்ப்பட்ட கையை அவரே குறை சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பதா? செய்யாத குற்றத்தைச் சுமப்பது எப்படி இருக்கும் என்று ஒரு வாரமாக எனக்குத்தானே தெரியும்.

"தொரை கை நல்ல கைங்க. குத்தம் என் வெள்ளைச் சட்டை மேல," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று தரம் போட்டுக் கழற்றியதையும் சேர்த்து.

தொரை என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், குழியில் மிச்சமிருந்த மூன்று மீனும் ஓடியே போய்விட்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீனை இலையில் சுற்றி என் கையில் வைத்தார்.

"இத ஒன் வீட்டுச் சட்டியில போடு. இனி ஞாயித்துக்கிழமையும் காக்கிதான், தெரியுதா?"

சவரியம்மா புளிப்புக்குக் கொறக்காய் போட்டு, உறைப்பாகக் குழம்பு வைத்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு, "இதுக்கா இத்தனை கூத்து? கருவாடு எவ்வளவோ தேவல," என்றாள். திருடித் தின்றதாக என்மேல் பழி வந்த மீனை அப்போதுதான் முதல்தடவையாகத் தின்றுகொண்டிருந்தேன். ஒரு முள்ளைக்கூட மிச்சம் வைக்கவில்லை.