அலைமுடி நாட்டின் வரைபடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அகப்படுவதைவிட அது நல்லது. அலைமுடி நாடு என் சொந்தக் கற்பனை அல்ல. எங்களோடு படித்த மரியரட்ணத்தின் மாமா லண்டனிலிருந்து அனுப்பிய விளையாட்டுப் புத்தகத்தில் பிறந்தது. ஒருவர் கதை சொல்லவேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக வேண்டும். பாத்திரம் பிழைக்குமா என்பதைத் தாயக்கட்டை முடிவுசெய்யும். எங்களிடம் கட்டை இல்லாததால் ஐந்து புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளையாகும்வரை சீமெந்தில் உரசி எடுத்தோம்.*

(*ஐந்தும் வெள்ளையாக விழுந்தால் உயிர் தப்பலாம். இது எங்கள் ஊரான இணுவிலின் விதி, லண்டன்காரருக்குத் தெரியாது.)

கதை சொன்னவன் நான். என் சிநேகிதன் சோமசேகரம்தான் வேங்கையன், எந்தக் காவலையும் கடக்கும் ஒற்றன். அந்த விளையாட்டைத்தான் இப்போது நாவலாக எழுதுகிறேன்.

2

முதல் வரி: ‘வேங்கையன் வடகரையில் தோணிக்காகக் காத்திருந்…’

வேண்டாம்.

‘பயம் என்றால் என்னவென்று அறியாத வேங்கையன்…’ பொய். சோமசேகரம் நாய் குரைத்தாலே சைக்கிளை விட்டு இறங்கிவிடுவான். [இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. நீங்களும் நம்பவேண்டாம்.]

3

இப்படியான நாவலுக்கு முதல் பக்கத்தில் வரைபடம் வேண்டும். எங்களிடம் ஒன்று இருந்தது, நான் கீறியது. கரையைக் கற்பனை செய்யச் சோம்பல்பட்டு, அட்லஸிலிருந்து எங்கள் குடாநாட்டின் கரையையே படியெடுத்தேன். அதற்குள் சிவப்பு மையால் கோட்டை, சுரங்கம், ‘இங்கே காவலர் 12’ என்றெல்லாம் குறித்தேன்.

தொண்ணூற்று மூன்றில் சோமசேகரம் கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்குப் புறப்பட்டான். போன இடத்திலும் விளையாடட்டும் என்று, அவனுக்குச் சொல்லாமல், அதை அவனுடைய இரசாயனவியல் கொப்பிக்குள் வைத்துவிட்டேன். வவுனியாச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள் என்பது தெரியும். ஆனால் என் கண்ணுக்கு அது அலைமுடி நாடாக மட்டும்தான் தெரிந்தது. என்னைப் போல மடையன் இருக்கமாட்டான்.

ஏழு மாதமாகக் கடிதம் இல்லை.

4

அவனுடைய அம்மா ஞானாம்பிகை மாமி ஒருநாள் சந்தையில் என்னை மறித்தார். வவுனியாவில் ஒரு பொடியனைக் கடதாசி ஒன்றுக்காகப் பிடித்து வைத்ததாகக் கேள்விப்பட்டாராம். பெயர் தெரியாதாம்.

“தம்பி, அவன்ரை பைக்குள்ளை நீ ஏதும் வைச்சனியே?”

“இல்லை மாமி.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சிறிய கதை அது.

5

முடிவுகள்:

அ) கடலில் கொப்பி நனைந்து, சிவப்பு மை கரைந்துவிட்டது.

ஆ) சோதித்தவர் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இ) [எழுதமாட்டேன்.]

புளியங்கொட்டைகளை மூன்று தடவை கையில் எடுத்தும் எறியவில்லை. பயமாக இருக்கிறது.

தன் மகன் இதில் வருகிறான் என்று கேள்விப்பட்டு மாமி நாவலைக் கேட்டிருக்கிறார். நாவல் இல்லை; இந்தத் தாள்கள்தான் இருக்கின்றன. நாளை காலையில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். கடைசித் தாளை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதில் என்ன எழுதுவதென்பது வாசிப்பவரின் முடிவு. முதல் வாசகர் அவர்தான்.

ஓம் மாமி. வைச்சது நான்தான்.