தோற்கும் கணக்கு

எங்கள் கம்பெனியில் பட்டன் தைக்க மிஷின் வந்துவிட்டது. இனி கையால் பட்டன் தைக்கிற மேசைக்கு ஒருத்தி போதுமாம். யார் இருப்பது, யார் போவது என்று சாப்பாட்டு வேளை முடிவதற்குள் நீங்களே பேசிச் சொல்லுங்கள் என்று சூப்பர்வைசர் நழுவிவிட்டார். பாவத்தை அடுத்தவர் தலையில் கட்டுவதில் அந்த மனுஷன் கெட்டிக்காரர்.

அந்த மேசையில் இருந்தது நானும் என் ஓரகத்தியும். அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன், வேலை தேடிப் போகிறேன் என்று போனவன்தான், போனவன் போனவனே. அவள் சம்பளம் நின்றால் என் வீட்டுக்காரர் அவளையும் குழந்தையையும் ஒரு மாதம்கூட வைத்திருக்க மாட்டார். அவள் அண்ணனோ அவளைக் கண்டாலே கதவைச் சாத்துகிற ரகம். எனக்கு வேலை போனால் திட்டு கிடைக்கும், சோறும் கிடைக்கும். ஆகவே நான் போவதென்று முடிவு செய்தேன்.

நேராகச் சொன்னால் அழுது ஊரைக் கூட்டுவாள். பட்டன் ஆட்டம் ஆடுவோம், ஜெயித்தவள் இருக்கட்டும் என்றேன்.

தினமும் சாப்பிட்டபின் ஆடுகிற ஆட்டம்தான். இருபது பட்டன். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ மாறிமாறி எடுக்க வேண்டும். எடுக்காமல் விடக் கூடாது. கடைசிப் பட்டனை எடுப்பவள் ஜெயித்தாள். முதலில் அவளை எடுக்கவிட்டு, அவள் ஒன்று எடுத்தால் நான் மூன்று, அவள் இரண்டு எடுத்தால் நானும் இரண்டு என்று நாலு நாலாகக் கழித்துக்கொண்டே வந்தால் போதும், கடைசி எனக்குத்தான். இந்தச் சூட்சுமத்தைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை. ஆறு வருஷத்தில் அவள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. மக்கு என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

இன்று நானே முதலில் ஒன்று எடுத்தேன். மூன்று எடுத்தாளானால் பதினாறு மிஞ்சி, ஆட்டம் அவள் பக்கம் சாய்ந்துவிடும். அவள் இரண்டு எடுத்தாள். மக்கு மக்குதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானும் இரண்டு எடுத்தேன். அவள் மறுபடி இரண்டு. நான் மூன்று; அவள் ஒன்று. நான் இரண்டு, அவளும் இரண்டு. மேசையில் ஐந்து பட்டன் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்தில் நான் எத்தனை எடுத்தாலும் அவள் நாலுக்குக் குறைவதை எடுத்து, கடைசி ஒன்றை எனக்கு விடுவாள். நாலு நாலாகக் கழித்தது என் கணக்குத்தான், ஒன்றை மட்டும் மிச்சம் வைத்து.

"உனக்குத் தெரியுமாடி?"

"முதல் வாரமே தெரியும்க்கா. நீங்க எதுல தோத்தாலும் அன்னிக்குப் பூரா முகத்தைத் தூக்கி வெச்சுப்பீங்க. வீட்லயும் அதே முகம். அதான் நீங்க எண்ணிக்கை தப்பினாலும் நான் தோக்கறதுக்கு ஒரு கணக்குப் பழகிட்டேன்."

ஜெயிக்கத் தெரிந்த எனக்குத் தோற்கத் தெரியவில்லை. வேண்டாம், ஆட்டத்தைக் கலைப்போம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வயசு இருக்கு, எங்கயாவது எடுப்பாங்க. உங்களை இனிமே யாரு எடுப்பா?"

எங்கேயும் ஆள் எடுக்கவில்லை. பக்கத்துக் கம்பெனி இரண்டும் பூட்டிக் கிடப்பது அவளுக்கும் தெரியும். நான் ஒன்று எடுத்தேன். அவள் மூன்று எடுத்தாள்.

"எடுங்கக்கா. எடுக்காம விடக் கூடாது."

எடுத்தேன். அந்த மாதக் கடைசியில் அவள் பெட்டி கட்டியபோது, குழந்தையின் சட்டைகளை நான்தான் மடித்துக் கொடுத்தேன்.